தோப்பு வீட்டுக்குச் சோலார்: முதல் நாளே முடிவு செய்ய வேண்டியதும் பிறகு வாங்க வேண்டியதும்

சோலார் கடைக்குள் நுழைந்ததும் காதில் விழும் முதல் கேள்வி, "எத்தனை கிலோவாட் போடுவதாக உத்தேசம்?" என்பதுதான். பதில் தெரியாமல் விழிப்பவரைப் பற்றிக் கவலை இல்லை. "மூன்று" என்று சட்டென்று சொல்பவரைப் பற்றித்தான் கவலை. அவர் பக்கத்து வீட்டுக் கணக்கைத் தன் வீட்டுக்குக் கொண்டு வந்திருக்கிறார்.

பண்ருட்டி, குறிஞ்சிப்பாடி, பாகூர் பக்கம் தோப்பிலோ வயலோரத்திலோ வீடு வைத்திருந்து, சோலாரை ஒரே மூச்சில் போடப் பணம் இல்லாமல், இந்த ஆண்டு கொஞ்சம், முந்திரி விற்றதும் கொஞ்சம் என்று கட்டங்கட்டமாகச் செய்ய நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். தாராளமாக அப்படிச் செய்யலாம். ஆனால் துண்டு துண்டாக வாங்குவது வேறு, கட்டங்கட்டமாகத் திட்டமிடுவது வேறு. சிலவற்றை முதல் நாளே கடைசிக் கட்டத்தின் அளவுக்குப் போட்டுவிட வேண்டும். சிலவற்றை இன்றைய தேவைக்கு மேல் ஒரு ரூபாய்க்குக்கூட வாங்கக் கூடாது. எது எந்தப் பக்கம் என்று பிரித்துக்கொள்வதுதான் திட்டம். மற்றதெல்லாம் கூட்டல் பெருக்கல்.

தொடங்கும் முன் ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். வாசலில் மின்கம்பம் நிற்கும் வீட்டில், பேட்டரி வைத்த சோலாரால் கரண்ட் பில் மிச்சமாகும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பேட்டரியின் விலையை அதன் ஆயுளால் வகுத்துப் பார்த்தால், அந்த யூனிட் மின்வாரியத்தின் யூனிட்டைவிட விலை கூடியதாகவே நிற்கும். பேட்டரி வைத்த சோலார் இரண்டு வகை வீட்டுக்குத்தான் பொருந்தும். கம்பம் வெகு தொலைவில் நின்றுவிட்ட வீடு ஒன்று. கம்பம் இருந்தும் புயல் வந்தால் நாள்கணக்கில் இருட்டில் கிடக்கும் வீடு மற்றொன்று.

இரண்டாவது வகைக்கு நம் பக்கத்தில் பஞ்சமே இல்லை. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியை எரித்து மாநிலம் மாநிலமாக மின்சாரம் அனுப்புகிறோம். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் மணிக்கு 120 முதல் 140 கிலோமீட்டர் வேகக் காற்றோடு கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறியபோது, அதே மாவட்டத்தின் கிராமங்கள் பல நாள்கள் விளக்கில்லாமல் இருந்தன. மின்சாரம் தயாராவது பக்கத்தில்தான். அதை வீட்டுக்குக் கொண்டுவரும் கம்பங்கள்தான் பலா மரங்களோடு சேர்ந்து விழுந்து கிடந்தன.

இன்னொரு குழப்பத்தையும் இப்போதே தீர்த்துக்கொள்வோம். மானியத்தோடு வீட்டுக் கூரைகளில் வைக்கப்படும் சோலார் பெரும்பாலும் மின்வாரியக் கம்பியோடு இணைந்தது. 2024-ல் தொடங்கிய பி.எம். சூரிய கர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் வரை கிடைக்கும் மானியம் இந்த வகைக்கு உரியது. பேட்டரி இல்லாத இந்த அமைப்பு, மின்தடை வந்ததும் தானும் நின்றுவிடும், நடுப்பகல் வெயிலிலும்கூட. அது பழுதன்று. கம்பியில் வேலை செய்யும் லைன்மேன் மீது நம் கூரையிலிருந்து மின்சாரம் பாயக் கூடாது என்பதற்காகவே அப்படி வடிவமைத்திருக்கிறார்கள். புயலிரவில் விளக்கு எரிய வேண்டுமென்றால் பேட்டரியோடு தனித்து நிற்கும் அமைப்பு வேண்டும். இங்கே பேசப்போவது அதைப் பற்றித்தான்.

கார்த்திகையை வைத்துக் கணக்குப் போடுங்கள்

வாட் என்பது ஒரு பொருள் அந்த நொடியில் இழுக்கும் அளவு. அதை மணியால் பெருக்கினால் வாட்-மணி. ஆயிரம் வாட்-மணி சேர்ந்தால் மின் அட்டையில் நாம் பார்க்கும் ஒரு யூனிட். 750 வாட் மிக்ஸி பத்து நிமிடம் ஓடினால் 125 வாட்-மணிதான். 75 வாட் பழைய மின்விசிறி பத்து மணி நேரம் சுற்றினால் 750. மிரட்டுவது மிக்ஸி, தின்பது மின்விசிறி. பேனலும் பேட்டரியும் வாட்-மணியைப் பார்த்து வாங்க வேண்டியவை. இன்வெர்ட்டரும் வயரும் வாட்டைப் பார்த்து வாங்க வேண்டியவை. இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பியதால் தண்டமாகப் போன பணம் கொஞ்சநஞ்சமன்று.

பண்ருட்டிக்குத் தெற்கே முந்திரித் தோப்புக்குள் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். இரண்டு அறை, ஒரு திண்ணை, கான்கிரீட் தளம். முதல் கட்டத்தில் வேண்டியது நான்கு விளக்கு, இரண்டு மின்விசிறி, மூன்று செல்பேசி. எல்.இ.டி. விளக்கு 9 வாட், சராசரியாக நான்கு மணி நேரம்: நான்குக்கும் சேர்த்து 144 வாட்-மணி. மின்விசிறிகளை, குறைந்த மின்சாரத்தில் சுற்றும் பி.எல்.டி.சி. வகைக்கு மாற்றினால் ஒவ்வொன்றும் 30 வாட். இரண்டும் பத்து மணி நேரம் சுற்ற 600. செல்பேசிகளுக்கு 40. மொத்தம் 784.

கடைக்காரரின் தாளில் வராத ஒரு செலவு இங்கே இருக்கிறது. எந்த விளக்கும் எரியாதபோதும் இன்வெர்ட்டர் தனக்கென்று கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். சிறிய இன்வெர்ட்டர் 10 வாட் எடுத்தால் நாளுக்கு 240 வாட்-மணி. "பின்னால் உதவுமே" என்று முதல் கட்டத்திலேயே 3 கிலோவாட் இன்வெர்ட்டர் வாங்கினால், அது சும்மா இருப்பதற்கே 40, 50 வாட் எடுக்கக்கூடும். ஒரு நாளைக்கு ஏறத்தாழ ஒரு யூனிட். வீடு முழுவதும் செலவழிப்பதைவிட அது அதிகம்! ஆகவே முதல் இன்வெர்ட்டர் சிறியதாகவே இருக்கட்டும். பெரியது வந்தபின் இது கையிருப்பாக இருந்து ஒரு மழைக்காலத்தில் மானம் காக்கும்.

784-உம் 240-உம் 1,024. பேட்டரியில் ஏறி இறங்கும்போது வீணாகும் பங்கையும் சேர்த்து 1,200 என்று வைத்துக்கொள்வோம். இதைத் தர எவ்வளவு பேனல் வேண்டும்?

பேனலின் மீது எழுதியிருக்கும் வாட், ஆய்வகத்தில் 25 டிகிரி வெப்பத்தில் அளந்தது. சித்திரை வெயிலில் பேனலின் உடம்பு 65 டிகிரியைத் தொடும். 25-க்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறத்தாழ 0.35 சதவீதம் குறைந்தால், ஏழில் ஒரு பங்கு சூட்டிலேயே போய்விடுகிறது. தூசு, வயர், காக்கை எச்சம் எல்லாம் சேர்த்து, எழுதியிருப்பதில் நான்கில் மூன்று பங்கு கிடைத்தால் நல்ல அமைப்பு. அடுத்தது வெயில். காலை முதல் மாலை வரை ஏறி இறங்கும் வெயிலை எல்லாம் நடுப்பகல் முழு வெயிலாகச் சுருக்கினால் எத்தனை மணி வரும் என்று பார்ப்பது வழக்கம். நம் கரையோரத்தில் கோடையில் ஐந்தரை மணி வரை வரும். ஐப்பசி அடைமழையிலும் கார்த்திகை கனமழையிலும் மூன்றரைக்கு இறங்கிவிடும். புயல் சின்னம் உருவான வாரத்தில் அதுவும் இல்லை.

540 வாட் பேனல் ஒன்று கோடையில் நாளுக்கு 2,200 வாட்-மணி தரும். கார்த்திகையில் 1,400. நமக்கு வேண்டியது 1,200. ஒரு பேனல் போதும், ஆனால் சற்றுத்தான் மிச்சம். கடைகளில் கோடைக் கணக்கைக் காட்டுவார்கள். அதன்படி 300 வாட் பேனலே போதும் என்று வரும். நமக்குக் கரண்ட் போவது கோடையைவிட மழைக்காலத்தில்தான் என்பதால் கார்த்திகைக் கணக்கே கணக்கு.

மாற்ற முடியாதவை

பிறகு திருத்தவே முடியாத முதல் முடிவு, பேட்டரி அமைப்பின் வோல்ட். 12, 24, 48 என்று மூன்று வழிகள் உண்டு. 12 வோல்ட்டில் தொடங்குவது மலிவு, பொருள்களும் எங்கும் கிடைக்கும். அதனாலேயே பலர் அதில் போய் விழுகிறார்கள். வோல்ட் குறைந்தால் அதே வாட்டுக்கு ஆம்பியர், அதாவது வயரில் ஓடும் மின்னோட்டம், கூடும். ஆம்பியர் கூடினால் வயர் சூடாகும். 240 வாட்டை, பத்து மீட்டர் தள்ளியிருக்கும் அறைக்கு 4 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரில் கொண்டுபோகிறோம் என்று பாருங்கள். போக வர இருபது மீட்டர். 12 வோல்ட்டில் 20 ஆம்பியர் ஓடும், வழியிலேயே 1.75 வோல்ட் காணாமல் போகும், ஏறத்தாழ நூற்றுக்குப் பதினைந்து. அதே வயரில் 24 வோல்ட்டில் 10 ஆம்பியர்தான். இழப்பு நூற்றுக்கு நான்குக்கும் குறைவு. வோல்ட்டை இரட்டித்தால் இழப்பு கால் பங்காகிறது.

கடைசிக் கட்டத்தில் வீட்டின் மொத்த இழுப்பு 2 கிலோவாட்டுக்குள் நிற்கும் என்றால் 24 போதும். அதற்கு மேல் போகும், மோட்டாரையும் இதிலேயே ஓட்டப் போகிறோம் என்றால் தொடக்கத்திலேயே 48. நம் தோப்பு வீட்டுக்கு 24-ஐ எடுத்துக்கொள்கிறேன். மோட்டாரை வேறு வழியில் கவனிக்கப் போகிறோம். 540 வாட் பேனல் ஏறத்தாழ 41 வோல்ட்டில் வேலை செய்வதால், ஒற்றைப் பேனலே 24 வோல்ட் பேட்டரியை நிரப்பிவிடும். பேட்டரிக்கு ஏறும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்த இடையில் வைக்கும் சார்ஜ் கன்ட்ரோலர் மட்டும், பேனலின் கூடுதல் வோல்ட்டை வீணாக்காத எம்.பி.பி.டி. வகையாக இருக்க வேண்டும். மலிவான பி.டபிள்யூ.எம். கன்ட்ரோலர் அந்த 41-ஐப் பேட்டரியின் வோல்ட்டுக்கு இழுத்து இறக்கி, மிச்சத்தை வீணாக்கும். கன்ட்ரோலரை மட்டும் கடைசிக் கட்டத்துக்கு ஏற்றபடி 60 ஆம்பியரில் முதலிலேயே வாங்கிவிடலாம். இன்வெர்ட்டரைப் போல அது சும்மா இருக்கும்போது அதிகம் தின்பதில்லை.

இரண்டாவது, பேனல் தாங்கி. இன்று ஒரு பேனல் என்றாலும் மூன்றுக்கு இடம் விட்டு அடிக்க வேண்டும். தளத்தைத் துளைத்து ஒருமுறை நீர்க்கசிவு அடைப்புச் செய்தால் போதும். மூன்று முறை துளைத்தால் மூன்று இடத்தில் ஒழுகும். ஓட்டுக் கூரையிலும் கீற்றுக் கூரையிலும் பேனலை ஏற்ற நினைக்காதீர்கள். தரையில் கான்கிரீட் அடிமானம் போட்டு, நாலு கால் சட்டத்தில் நிறுத்துங்கள். கடலூரும் புதுச்சேரியும் 12 டிகிரி அட்சரேகையை ஒட்டியிருப்பதால், தெற்கு நோக்கி 12 டிகிரி சாய்வு போதும். அந்தத் தாழ்ந்த சாய்வு காற்றுக்கும் நல்லது.

காற்று என்றால் எவ்வளவு? மணிக்கு 140 கிலோமீட்டர் காற்று ஒரு சதுர மீட்டரில் ஏறத்தாழ 90 கிலோ எடைக்கு ஈடான அழுத்தம் தரும். 540 வாட் பேனலின் பரப்பு 2.6 சதுர மீட்டர். முகத்தில் நேராக அறைந்தால் 230 கிலோவுக்கு மேல். பேனலின் சொந்த எடை 28 கிலோ. "கனமாகத்தானே இருக்கிறது, எங்கே போகும்" என்று நான்கு செங்கல் வைத்து நிறுத்தியவர்களின் பேனலைப் பக்கத்துக் கரும்புக் கொல்லையில்தான் தேட வேண்டியிருக்கும். சட்டம் நல்ல துத்தநாகப் பூச்சு கொண்ட இரும்பு அல்லது அலுமினியமாகவும், போல்ட்டும் நட்டும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாகவும் இருக்கட்டும். தேவனாம்பட்டினம், வீராம்பட்டினம் மாதிரி உப்புக்காற்று அடிக்கும் இடத்தில் சாதாரண போல்ட் துருப்பிடித்து நட்டோடு ஒட்டிக்கொள்ளும். பிறகு அறுத்துத்தான் எடுக்க வேண்டும்.

நிழலை அலட்சியம் செய்யாதீர்கள். பேனலின் சில்லுகள் வரிசையாகக் கோத்தவை. ஒரு தென்னங்கீற்றின் நிழல் ஓரத்தில் விழுந்தாலே பேனலின் மூன்றில் ஒரு பங்கு படுத்துவிடும். மார்கழி மாதத்தில் நின்று பார்த்து இடம் குறித்தால் சரியாக இருக்கும். அப்போது சூரியன் தெற்கே சாய்ந்து நிழல் நீண்டு விழும்.

மூன்றாவது, பேட்டரி நிற்கும் இடத்தின் உயரம். 2015 நவம்பர் வெள்ளமும், 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரையேறிய ஃபெஞ்சல் புயலும் நினைவிருக்கும். ஃபெஞ்சலின்போது புதுச்சேரியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. அடுத்து சாத்தனூர் அணையிலிருந்து திறந்த நீர் தென்பெண்ணையில் வந்து கரையோர ஊர்களுக்குள் புகுந்தது. சுவரில் பழைய வெள்ளக்கறை எங்கே நிற்கிறதோ அதற்கு ஒரு முழம் மேலே பேட்டரிக்கும் இன்வெர்ட்டருக்கும் மேடையோ அலமாரியோ கட்டுங்கள். பேட்டரியைத் தரையில் வைத்துவிட்டு, வெள்ளத்துக்காக அமைப்பு போட்டேன் என்று சொல்வதில் பொருளில்லை.

வயர் போகும் குழாய், எர்த் குழி, விளக்குக்கும் மின்விசிறிக்கும் தனிச் சுற்று ஆகியவற்றையும் இந்தப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள். சுவர் பூசுவதற்கு முன் செய்தால் இவற்றுக்கு ஆகும் செலவு சொற்பம்.

கடைசியில், சிறிதாக: பேட்டரி

பேனலுக்கு 25 ஆண்டு ஆயுள் உண்டு. பேட்டரி கீரைக்கட்டு மாதிரி. பயன்படுத்தினாலும் இல்லாவிட்டாலும் வாங்கிய நாளிலிருந்தே வாடத் தொடங்குகிறது. "இரண்டாம் கட்டத்துக்கும் சேர்த்து இப்போதே" என்று பேட்டரியை மட்டும் வாங்கவே கூடாது.

ஈயப் பேட்டரியில் டியூபுலர் வகையைப் பாருங்கள். 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணிப் பேட்டரி இரண்டைத் தொடராக இணைத்தால் 24 வோல்ட்டில் 3,600 வாட்-மணி. அதில் பாதியைத்தான் எடுக்கலாம். அடி வரை சுரண்டினால் ஆயுள் மளமளவென்று குறையும். ஆக 1,800. நம் வீட்டுக்கு ஒன்றேமுக்கால் நாள் தாங்கும். லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகையில் 25.6 வோல்ட், 100 ஆம்பியர்-மணி என்றால் 2,560. அதில் எண்பது சதவீதம் எடுத்தாலும் 2,000-க்கு மேல் கிடைக்கும். விலை கூடுதல், ஆயுளும் கூடுதல், தண்ணீர் ஊற்றும் வேலையும் இல்லை.

புதிதாகத் தொடங்குபவர் முதல் கட்டத்துக்கு ஈயத்தையே எடுக்கலாம் என்பது என் கருத்து. முதல் பேட்டரியை எல்லாரும் கொஞ்சம் கெடுப்பார்கள். கெடுவது மலிவானதாக இருக்கட்டும். நான்கைந்து ஆண்டில் அது ஓயும்போது இரண்டாம் கட்டத்துக்கான லித்தியத்துக்கு மாறிக்கொள்ளலாம், பழையதைக் கடையில் கொடுத்தால் ஈயத்துக்கு விலையும் கிடைக்கும். இரண்டு எச்சரிக்கைகள். பழைய ஈயப் பேட்டரியோடு புதியதைச் சேர்த்து இணைக்காதீர்கள். கிழம் இளசையும் இழுத்துக்கொண்டு போகும். வாங்கும்போது பெட்டியில் சி10 என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். சி10 என்றால் 150 ஆம்பியர்-மணியைப் பத்து மணி நேரத்தில் தரும் என்று பொருள். சாதாரண இன்வெர்ட்டர் பேட்டரி சி20, அதாவது இருபது மணி நேரத்தில். எண் ஒன்றாக இருந்தாலும் சரக்கு வேறு.

இரண்டாம் கட்டமும் மோட்டாரும்

இரண்டாம் கட்டத்தில் குளிர்பதனப் பெட்டி, தொலைக்காட்சி, மிக்ஸி. பெட்டிக்கு நாளுக்கு ஒரு யூனிட் வரை, மற்ற இரண்டுக்கும் 300 வாட்-மணி அளவில். பெரிய இன்வெர்ட்டரின் சொந்தத் தீனி, இழப்பு எல்லாம் சேர்த்தால் மொத்தம் மூன்று யூனிட்டை ஒட்டி வரும். கார்த்திகைக் கணக்கில் இரண்டு பேனல் மயிரிழையில் போதாது, மூன்று. இதற்காகத்தான் தாங்கியில் மூன்று இடம் விட்டோம். முதல் கட்டத்தை ஒரு மழைக்காலமாவது ஓட்டிப் பார்த்து, காலை ஆறு மணிக்குப் பேட்டரியின் வோல்ட்டைக் காலண்டரில் குறித்து வந்தவருக்கு, இந்தக் கணக்கைப் போட வேறு யாரும் தேவைப்படமாட்டார்கள். இஸ்திரிப் பெட்டி, வாட்டர் ஹீட்டர், மின்னடுப்பு மூன்றையும் எந்தக் கட்டத்திலும் சேர்க்காதீர்கள். சூடாக்கும் வேலைக்கு எரிவாயு இருக்கிறது.

மோட்டாரைப் பற்றிய பயம் தேவைக்கு மேல் பெரியது. 30 மீட்டர் ஆழத்திலிருந்து ஆயிரம் லிட்டர் தண்ணீரை மேலேற்ற உண்மையில் வேண்டியது 80 வாட்-மணிதான். மோட்டாரின் வீணடிப்பையும் சேர்த்தால் 200 என்று கொள்ளலாம். மின்விசிறியைவிடக் குறைவு. தொந்தரவு தொடங்கும் நொடியில்தான் இருக்கிறது. ஒரு குதிரைத்திறன் மோட்டார் கிளம்பும்போது தன் வழக்கமான ஆம்பியரைப் போலப் பல மடங்கை இழுக்கும். அந்த ஒரு நொடிக்காகப் பெரிய இன்வெர்ட்டரும் தடித்த வயரும் பெரிய பேட்டரியும் வாங்க நேரிடும். ஆகவே அதை வீட்டு அமைப்பிலிருந்து பிரித்துவிடுங்கள். தனிப் பேனல், தனிக் கன்ட்ரோலர், பேட்டரியே இல்லாமல் வெயில் இருக்கும்போது மெல்லத் தொடங்கி மெல்ல ஓடும் சோலார் பம்பு, மேலே ஒரு தொட்டி. மின்சாரத்தைச் சேமிப்பதைவிடத் தண்ணீரைச் சேமிப்பது மலிவு; தொட்டிக்கு ஆயுள் குறைவதில்லை. பாசனத்துக்கான சோலார் பம்பு என்றால் வேளாண்மைப் பொறியியல் துறையில் பி.எம். குசும் திட்டத்தின் மானியத்தைக் கேட்டுப் பார்க்கலாம்.

இனிப் பாதுகாப்பு. பேட்டரியின் நேர்முனையிலிருந்து ஒரு சாண் தொலைவுக்குள் ஃபியூஸ் இருக்க வேண்டும். பேனல் பக்கத்திலும் பேட்டரி பக்கத்திலும் நேர்மின்சாரத்துக்கு (டி.சி.) என்றே தயாரித்த பிரேக்கரைத்தான் போட வேண்டும். வீட்டு மெயின் போர்டில் இருக்கும் ஏ.சி. பிரேக்கர் நேர்மின்சாரத்தின் தீப்பொறியை அணைக்க முடியாமல் உருகிப் பற்றிக்கொள்ளும். ஈயப் பேட்டரி சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வெளியேறும் என்பதால் சாமி அறையிலும் படுக்கை அறையிலும் வைக்காதீர்கள். மின்வாரிய இணைப்பும் உள்ள வீடு என்றால், இரண்டும் ஒரே நேரத்தில் சேரவே முடியாதபடி சேஞ்ச் ஓவர் சுவிட்ச் கட்டாயம். இந்த வேலைகளை உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள். புயல் எச்சரிக்கை வந்த நாளில் நீங்கள் செய்ய வேண்டியவை மட்டும் மூன்று: முதல் நாள் பகலிலேயே மேல்தொட்டியை நிரப்பிவிடுவது, தாங்கியின் ஒவ்வொரு போல்ட்டையும் ஸ்பேனரால் ஒரு சுற்று இறுக்கிப் பார்ப்பது, காற்று எழுவதற்கு முன் பேனல் பிரேக்கரை இறக்கிவிட்டு இரவைப் பேட்டரியிலேயே ஓட்டுவது.